கழுத்து வலித் தைலம்

ஜூன் 14

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுறது.

இங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். மாமாவுக்குக் காது கேக்கல, எனக்கு முழங்கால் மடங்கல, இது ரெண்டையும் விட்டா வீட்டுல ஒரு குறையும் இல்ல. மூணாவது ஆளுக்கு, அதான் உன் மகளுக்கு, காது கால் வாய் எல்லாமே தேவைக்கு மேல வேலை செய்யுது. பொறந்தப்ப உள்ளங்கை அளவுதான் இருந்தா, கத்தின கத்துல தெருவே எழுந்திருச்சுதுன்னு மிளகுன்னு கூப்பிட ஆரம்பிச்சோம். பன்னெண்டு வயசாகியும் காரம் குறையல.

நீ எப்படி இருக்க? வேளைக்குச் சாப்பிடுறியா? பாலம் கட்டுற இடத்துல போன் டவர் எடுக்காதுன்னு நீ சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதிதான். போன்னா நீ கத்துவ, நான் கத்துவேன், மாமா பக்கத்துல நின்னு "யாரு, யாரு"ன்னு கத்துவாரு. கடுதாசின்னா ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் சும்மா இருந்துதான் ஆகணும்.

கிரேன் பரீட்சை பாஸ்னு நீ வந்து சொன்ன அன்னிக்கு மாமா ஓடிப்போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டு வந்தாரே, அதைப் போட்டுக்கிறியா? அவ்வளவு உயரத்துல கூண்டுக்குள்ள உக்காந்தா வெயில் நேரா கண்ணுல அடிக்குமாம். கடைக்கு ஃபேன் ரிப்பேருக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் "என் மச்சினன் பெரிய கிரேன் ஓட்டுறான்"னுதான் பேச்சையே ஆரம்பிக்கிறாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். நீ கோபப்படுவ. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு மேல படி.

நீ அவளை இங்க கொண்டாந்து விட்ட வாரமே பள்ளிக்கூடத்துல மார்க் அட்டை குடுத்துட்டாங்களாம். நான் கேட்டப்பல்லாம் "இன்னும் குடுக்கல அத்தை"ன்னா. கண்ணைப் பாத்துச் சொன்னா, சாப்பிட்டுக்கிட்டே சொன்னா, ஒரு தடவை இருமல்கூட வரல. நேத்து பஸ் ஸ்டாப்புல கணக்கு டீச்சரைப் பாத்தேன். அவங்க சொல்லித்தான் தெரியும். கணக்குல பெயில். மத்ததெல்லாம் பரவாயில்ல.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.  சுவரையே பாத்துக்கிட்டு நின்னா. அட்டை எங்க இருக்குன்னு இன்னும் வாயைத் திறக்கல.

உடம்பைப் பாத்துக்கோ. உன் பதில் வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல.

உன் அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

நான் இங்கு நல்லபடியாக இருக்கிறேன். நீயும் மாமாவும் உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை சாமான் லாரி வரும்போதுதான் தபாலும் வருகிறது. அதனால்தான் தாமதம்.

மிளகு விஷயம் படித்தேன். பெயில் ஆனதைக்கூட மன்னிப்பேன். மறைத்தாளே, அதை மன்னிக்க முடியாது. அவள் அம்மா போன பிறகு நான் கொடுத்த செல்லம்தான் இப்படிக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இனிமேல் காலையில் அஞ்சு மணிக்கு எழுப்பு. படம் வரைகிற பென்சில் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வை. தப்பு செய்தால் முட்டி போடச் சொல். அடிக்கத் தயங்காதே. அடியாத மாடு படியாது.

ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கட்டுப்பாட்டுக்குப் பேர் போன இடம். ஞாயிற்றுக்கிழமைகூட மணி அடித்துத்தான் குளிப்பார்களாம். இடம் கிடைத்துவிட்டால் நவம்பரில் லீவில் வந்து நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். அதில் மாற்றமில்லை.

வேலை நல்லபடியாகப் போகிறது. மாமாவின் கண்ணாடி ரொம்ப உபயோகம். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துதான் கொஞ்சம் வலிக்கிறது. மற்றபடி எல்லாம் நன்று.

இப்படிக்கு,
தம்பி


ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

அக்காவும் மாமாவும் மிளகும் நல்லா இருக்கோம். கழுத்துக்கு ஒரு புட்டி தைலம் அனுப்பியிருக்கேன். படுக்கப் போறப்ப சூடு பறக்கத் தேய்ச்சுக்கோ. உன் தலையணை உயரத்தைக் குறை.

கடுதாசியைப் படிச்சேன். "எழுதிக்கொள்வது", "அதில் மாற்றமில்லை". யப்பா, யாரோ பெரிய ஆபீசர் எழுதின மாதிரி இருந்துச்சு, ஒரு நிமிஷம் நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனோன்னு பயந்துட்டேன்.

அடியாத மாடு படியாதாம்! நீ வாங்காத அடியாடா? அப்பா பெல்ட்டு உன் முதுகுலதான் பழசாச்சு. நீ படிஞ்சியா? அடி விழுறதுக்கு முன்னாடியே அழுறது எப்படின்னு கத்துக்கிட்ட. அப்புறம் அப்பா வர்ற சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போறது எப்படின்னு கத்துக்கிட்ட. வேற என்ன படிஞ்ச, சொல்லு. நானும் அப்படித்தான், உன்னை மட்டும் சொல்லல.

பென்சிலை நான் பூட்டி வைக்கல. அஞ்சு மணிக்கு எழுப்பவும் இல்ல. அஞ்சு மணிக்கு எனக்கே ஆஸ்பத்திரி சமையல்கட்டுல ஷிஃப்ட், அவளை எழுப்பி யார்கிட்ட காட்டுறது?

அவ பொய் சொல்றது எனக்கும் கவலைதான். இப்ப சின்னச் சின்னதுக்கெல்லாம் சொல்றா. பல்லு தேய்ச்சியான்னா தேய்ச்சேங்கிறா, பிரஷ் காஞ்சு கிடக்கு. கோபமா வருது. ஆனா ஒண்ணு கவனிச்சேன், பொய் சொல்றப்ப அவ தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிடுது. யாரோ அடிக்க வர்ற மாதிரி. இந்த வீட்டுல யாரு அவளை அடிச்சா?

ஹாஸ்டல் எனக்குப் பிடிக்கல. உன் பிள்ளை, உன் இஷ்டம், ஆனா எனக்குப் பிடிக்கல, அதைச் சொல்லாம மனசுக்குள்ள வச்சுக்கிட்டா எனக்கு வயிறு உப்பிடும். நீ எனக்கு உத்தரவு எழுதுறதுக்குப் பதிலா அவளுக்கு ஒரு கடுதாசி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 2

மகள் மிளகுக்கு அப்பா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். நீ அத்தை, மாமா சொல்படி நடந்து உடம்பையும் படிப்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நீ மார்க் அட்டையை மறைத்தது பெரிய தவறு. உண்மையைச் சொல்கிறவர்களுக்குத்தான் உலகத்தில் மரியாதை. அப்பா உனக்காக இவ்வளவு தூரத்தில் பெரிய பொறுப்பில் இருந்து உழைக்கிறேன். பரீட்சை எழுதிப் பாஸ் செய்துதான் இந்த இடத்துக்கு வந்தேன். நீயும் அப்படி முன்னேற வேண்டும். நவம்பரில் உன்னை ஹாஸ்டலில் சேர்க்கிறேன். அதற்குள் கணக்கைச் சரிசெய்துகொள்.

பதில் எழுது.

உன் அப்பா


ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். தைலம் வந்து சேர்ந்துச்சா? நீ அவளுக்கு எழுதின கடுதாசியை ஒரு தடவைதான் படிச்சா. மடிச்சு வச்சிட்டா. பதில் எழுதுடின்னு சொன்னேன், "எழுத ஒண்ணும் இல்ல"ன்னுட்டா. அவ தோள் மேல ஏறல, அதனால அது நெசம்தான்னு விட்டுட்டேன்.

இப்ப என் கதை ஒண்ணு நடந்துபோச்சு. வேற யார்கிட்டயும் இதை முழுசாச் சொல்லல.

எங்க சமையல்கட்டுல மதியம் ரெண்டு பெரிய பாத்திரத்துல சூப் வைப்போம். ஒண்ணு உப்பு போட்டது, இன்னொண்ணு போடாதது. போடாதது கிட்னிக்காரங்களுக்கும் இதயக்காரங்களுக்கும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதனால உப்பில்லாத பாத்திரத்து மூடியில நான் ஒரு சிவப்புத் துணி கட்டி வைப்பேன். இத்தனை வருஷமா என் சொந்த ஏற்பாடு அது.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. வீட்டுல தனியா விட மனசு வராம மிளகைக் கூட்டிட்டுப் போனேன். ஓரமா உக்காந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டு இருந்தா. துணி அழுக்காயிருந்துச்சுன்னு அவிழ்த்து அலசிட்டு, வாய் ஓயாம அவகிட்ட பேசிக்கிட்டே திருப்பிக் கட்டினேன். மூடி மாத்திக் கட்டிட்டேன்.

சிவப்புத் துணிப் பாத்திரத்துல இருந்து ஊத்தின தள்ளுவண்டி ஒண்ணு லிஃப்ட்ல மேல போயிடுச்சு. ரெண்டாவதுல ஏத்துறப்ப ஒரு கரண்டி வாயில விட்டேன். சிவப்புத் துணி கட்டினது, கரிக்குது.

தம்பி, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. நான் மூடியை மூடிட்டேன். ஒரு வேளை உப்பு யாரைடா கொன்னுடப் போகுதுன்னு மனசு சொல்லுச்சு. நானாச்சு என் துணியாச்சு, யாருக்குத் தெரியப் போகுது. இந்த வேலையில நான் ஒரு தடவைகூடப் பேச்சு வாங்கினதில்ல, அந்தப் பேரு போயிடுமேன்னு பயம். கரண்டியைத் துடைச்சு மாட்டப் போனேன்.

திரும்பினா மிளகு பாத்துக்கிட்டு இருக்கா.  கிழங்கு ஒரு கையில, கத்தி ஒரு கையில. நான் ருசி பாத்ததையும் பாத்திருக்கா, என் மூஞ்சி மாறினதையும் பாத்திருக்கா, மூடினதையும் பாத்திருக்கா. அவ மூஞ்சியில ஒரு ஆச்சரியமும் இல்லடா. "ஆமா, இப்படித்தான் பண்ணுவாங்க"ங்கிற மாதிரி, தெரிஞ்ச ஒண்ணைப் பாக்கிற மாதிரி பாத்தா. அதுதான் என்னைச் சுட்டுடுச்சு.

லிஃப்ட் மேல நின்னுபோச்சு. மடங்காத முழங்காலை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறி ஓடினேன். வார்டுல கத்தினேன், "யாரும் சூப் குடிக்காதீங்க"ன்னு. தலைமை நர்ஸம்மா ஓடி வந்தாங்க. எல்லார் முன்னாடியும், நோயாளிங்க, அவங்க சொந்தக்காரங்க, தள்ளுவண்டிப் பையன் வரைக்கும், "தப்பு என்னுது, மாத்திக் கட்டிட்டேன்"னு சொன்னேன். ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு. நல்லவேளை, யாரும் வாயில வைக்கல. ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் அன்னிக்குச் சாப்பாடு லேட்டு. இப்ப என்னை அடுப்புல இருந்து எடுத்துப் பாத்திரம் கழுவுற பக்கம் போட்டிருக்காங்க. எவ்வளவு நாளைக்குன்னு சொல்லல.

வீட்டுக்கு ரெண்டு பேரும் நடந்து வந்தோம். பாதி வழியில கேட்டா, "நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல அத்தை?"

"தெரிஞ்சிருக்காது."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"நீ பாத்துக்கிட்டு இருந்தியேடி."

"நான் இல்லாட்டி?"

தெரியலடின்னேன். சத்தியமா தெரியலடா தம்பி. எனக்கே வெக்கமா இருந்துச்சு. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

வீட்டுக்கு வந்ததும் மெத்தைக்கு அடியில இருந்து அந்த மார்க் அட்டையை எடுத்துக் கொண்டாந்து என் மடியில போட்டா. நான் "சரி, சாப்பிட வா"ன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல, பசி வேற. உக்காந்து ரெண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன்னு நினைக்காத. அவதான் எனக்குக் காவல் இருந்தா.

அக்கா


செப்டம்பர் 12

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். தைலம் கிடைச்சது.

உன் கடிதம் படிச்சு மனசு சரியில்ல. நீ ஏன் சொன்ன? யாரும் குடிக்கலையே. மேல ஓடிப்போய் வண்டியை மட்டும் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம், காரணம் ஏதாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கழிச்சுப் பாத்திரம் கழுவ விட்டுட்டாங்களே.

கூட வேலை செய்யறவங்க உன்னை எப்படிப் பார்க்கிறாங்க? மாமா என்ன சொன்னாரு? எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னப்ப எப்படி இருந்துச்சு? சும்மாதான் கேக்கிறேன்.

ஹாஸ்டல்ல இடம் கிடைச்சாச்சு. நவம்பர் பதினஞ்சுக்குள்ள சேர்க்கணுமாம். மிளகுகிட்ட சொல்லிடு. அவ பதில் எழுதல. எழுதச் சொல்லு, கட்டாயப்படுத்த வேண்டாம்.

காத்து பலமா அடிக்குது. வேற ஒண்ணும் இல்ல.

தம்பி


செப்டம்பர் 25

அன்புள்ள அப்பாவுக்கு மிளகு எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? அத்தை முழங்கால் வீங்கிப் போச்சு, மாடிப்படி ஓடினதால. மாமா ராத்திரி ஒத்தடம் குடுக்கிறாரு. அத்தை பாத்திரம் கழுவுறது தெரிஞ்சு மாமா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு, "இனிமே ரெண்டு துணி கட்டு, ரெண்டு கலர்ல." அவ்வளவுதான். சாயங்காலம் நானும் போய்க் கழுவ ஒத்தாசை பண்றேன். பெரிய பாத்திரத்துக்குள்ள நான் உக்காரலாம், அவ்வளவு பெருசு.

அடுத்த டெஸ்ட்லயும் கணக்குல பெயில் அப்பா. குடுத்த அன்னிக்கே அத்தைகிட்ட காட்டிட்டேன்.  அத்தை "சரி, சாப்பிட வா"ன்னு சொன்னாங்க. சாப்பிட்டு முடிச்சதும் எங்க தப்புன்னு ரெண்டு பேரும் பாத்தோம். அத்தைக்கும் புரியல.

ஹாஸ்டலுக்குப் போகச் சொன்னா போறேன். எனக்குப் போகப் பிடிக்கல. ஆனா போறேன்.

அத்தைக்கு நீங்க எழுதின கடுதாசியைப் படிச்சேன், அதுல ஒண்ணு கேக்கணும். அத்தைகிட்ட கேக்கல, மாமாகிட்டயும் கேக்கல. உங்ககிட்ட மட்டும்தான் கேக்கிறேன். கிரேன்ல மேல உக்காந்திருக்கிறவங்க கீழதானே குனிஞ்சு பாப்பாங்க? அண்ணாந்து பாத்து ஏன் கழுத்து வலிக்குது?

மிளகு


அக்டோபர் 20

தம்பிக்கு,

நீ நல்லா இருக்கியா இல்லையா, அதை முதல்ல எழுது. சாமான் லாரி வாரா வாரம் வரும்னு நீதானே எழுதின? அப்ப கடுதாசி எங்க? மிளகு எழுதின கடுதாசியை ஒட்டி என் கையில குடுத்தா, நான் பிரிக்கல, தபால்ல போட்டேன். அதுல என்ன எழுதினான்னு கேட்டா "அப்பாவுக்கு எழுதினது"ங்கிறா. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா ரெண்டு கையும் சோப்போட வாசலுக்கு ஓடுறா. அவர் தலையை ஆட்டிட்டுப் போறாரு. அவ திரும்பி வர்றப்ப என்னைப் பாக்க மாட்டேங்கிறா. பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு.

கோபமா எழுதுறதா இருந்தாலும் எழுது. திட்டாவது எழுது.

என்னைத் திரும்ப அடுப்புப் பக்கம் போட்டுட்டாங்க. நர்ஸம்மாவே வந்து சொன்னாங்க. எல்லார் முன்னாடியும் சொன்னது எப்படி இருந்துச்சுன்னு கேட்டியே. சொல்றதுக்கு முன்னாடி செத்துடலாம்னு இருந்துச்சு. சொன்னப்புறம் பசிச்சுது. நெசமா, அவ்வளவுதான்.

ஹாஸ்டலுக்கு அவ துணிமணியை எடுத்து வைக்கணுமா, வேண்டாமா? பெட்டி பரண்ல இருக்கு. எனக்கு இறக்க மனசு வரல.

அக்கா


அக்டோபர் 27

என் மிளகுக்கு,

அப்பா உடம்பு நல்லாத்தான் இருக்கு. நீ கேட்டதுக்கு உடனே பதில் எழுத முடியல. மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். மொதல்ல எழுதினதுல, கூண்டுல இருந்து மேல மேகத்தைப் பாக்கணும், காத்து எப்படி அடிக்குதுன்னு தெரியணும், அதனாலதான் கழுத்து வலின்னு எழுதியிருந்தேன். நல்ல பொய்தான். உங்க மாமா நம்பியிருப்பாரு. எழுதி முடிச்சுப் பாத்தா என் தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது.

நான் கிரேன் ஓட்டலம்மா. கீழ நிக்கிறேன். சிக்னல்காரன். மேல இருக்கிறவருக்குக் கீழ நடக்கிறது சரியாத் தெரியாது, அதனால நான் அண்ணாந்து பாத்துக் கையாலயே சொல்லணும். ஒரு விரலை மேல காட்டிச் சுத்தினா தூக்கு. கீழ காட்டிச் சுத்தினா இறக்கு. கையை நீட்டி அப்படியும் இப்படியும் வீசினா நிறுத்து. பரீட்சையில நான் பாஸ் ஆகல. ரெண்டு தடவை பெயில். ஓட்டிக் காட்டுறதுல ஒரு குறையும் இல்ல, எழுத்துலதான் போச்சு. எதுலன்னு நீ கேக்கவே வேண்டாம், கணக்குலதான். அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப அத்தையும் மாமாவும் நீயும் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தீங்க. பாஸ்னு வாய் தானா சொல்லிடுச்சு. அப்புறம் மாமா கண்ணாடி வேற வாங்கிட்டாரு.

நீ அட்டையை மெத்தைக்கு அடியில வச்ச. நான் இவ்வளவு பெரிய கிரேனை வச்சு மறைச்சேன். அதுக்கு மேல உனக்கு உண்மையைப் பத்தி ஒரு கடுதாசி வேற எழுதினேன். நினைச்சா மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. என்னை மன்னிச்சிடும்மா.

எங்க வேலையில ஒரு சட்டம் இருக்கு. தூக்கு, இறக்குன்னு சிக்னல்காரன் மட்டும்தான் காட்டலாம். ஆனா நிறுத்துங்கிறதை யார் வேணாலும் காட்டலாம். டீ கொண்டுவர்றவர் காட்டினாலும் மேல இருக்கிறவர் நிறுத்தியாகணும். நீ எனக்கு அதைத்தான் காட்டின.

இந்தக் கடுதாசியை அத்தைக்கும் மாமாவுக்கும் நீயே படிச்சுக் காட்டு. மாமாவுக்குக் கேக்கிற மாதிரி சத்தமாப் படி. தெருவுக்குக் கேட்டாலும் பரவாயில்ல.

நவம்பர்ல மறுபடி பரீட்சை எழுதுறேன். எனக்கு எப்பவும் தப்பாப் போற கணக்கு ஒண்ணை எழுதுறேன், நீ போட்டுப் பாரு. ஒரு கான்கிரீட் கட்டை. நீளம் ரெண்டு மீட்டர், அகலம் ஒண்ணரை மீட்டர், உயரம் ஒண்ணே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 1.2. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ரெண்டரை டன். கிரேன் கொக்கியும் கயிறும் சேர்ந்து ஒண்ணே கால் டன். கட்டை கிடக்கிற தூரத்துக்குக் கிரேன் பத்து டன்தான் தாங்கும். தூக்கலாமா, கூடாதா?

ஹாஸ்டல் பத்தி நேர்ல வந்து உன்கிட்ட பேசுறேன். இப்பவே ஒண்ணும் சொல்லத் தெரியல. அத்தைகிட்ட பெட்டியை இறக்க வேண்டாம்னு சொல்லு.

உன் அப்பா


நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க கடுதாசியைச் சத்தமாப் படிச்சேன். பாதியில எனக்கு அழுகை வந்துடுச்சு, அத்தை வாங்கிப் படிச்சாங்க. அவங்களுக்கும் வந்துடுச்சு. மாமாதான் கடைசி வரைக்கும் படிச்சாரு. படிச்சிட்டு, "கீழ நின்னாத்தான் வெயில் ஜாஸ்தி, கண்ணாடி வாங்கினது சரிதான்"னாரு. அத்தை சிரிச்ச சிரிப்புல புரை ஏறிடுச்சு.

நான் கணக்கு போட்டேன். ஒன்பது டன் வந்துச்சு. தூக்கலாம்னு போட்டேன். மாமாவும் தூக்கலாம்னாரு. அத்தை "கட்டையை விட்டுட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க"ன்னாங்க. கணக்கு டீச்சர்கிட்ட கொண்டுபோனேன். எங்க அப்பாவோட பரீட்சைக் கணக்கு, அவரும் பெயில்னு சொன்னேன்.  டீச்சர் நாற்காலி இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னாங்க. கொக்கியையும் கயிறையும் நான் சேர்க்கலையாம். சேர்த்தா பத்தே கால் டன். தூக்கக் கூடாது. நீங்களும் அதைத்தான் விடுறீங்களா அப்பா?

டீச்சர் இன்னும் நாலு கணக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, உங்களுக்கு. எனக்கும் அதேதான் வீட்டுப்பாடம்.

மிளகு

தம்பி, அக்கா ஒரு வரி சேர்க்கிறேன். உன் முதல் கடுதாசியிலயே கழுத்து விஷயம் எனக்கு நெருடுச்சு. கேக்கத் தைரியம் வரல, தைலம் அனுப்பினேன். கேக்கிற தைரியம் இந்த வீட்டுல மிளகுக்குத்தான் இருந்துச்சு. இன்னொரு புட்டி இதோட வருது.


நவம்பர் 21

மிளகுக்கும் அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் நல்லா இருக்கேன். பரீட்சையில பெயில்.

முதல் வரியிலயே எழுதிடணும்னு நினைச்சேன், எழுதிட்டேன். முடிவு காலையில வந்துச்சு, இப்ப மதியம். சாப்பாட்டு ஷெட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்து உக்காந்து எழுதுறேன். கொக்கிக் கணக்கு இந்தத் தடவை சரி, டீச்சர்கிட்ட சொல்லு. காத்து வேகக் கணக்குல போச்சு. இன்னும் ரெண்டு மார்க் இருந்தா வந்திருக்கும். மனசு கஷ்டமாத்தான் இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய்.

அக்கா, நீ சொன்னது சரிதான். சொன்னப்புறம் பசிக்குது.

ஹாஸ்டலுக்கு, இடம் வேண்டாம்னு போன வாரமே எழுதிட்டேன். மார்க்கை மறைச்ச பொண்ணை அங்க சேர்க்கிறதுன்னா, மறைச்ச அப்பனை எங்க சேர்க்கிறது? விசாரிச்சுப் பாத்தேன், என் வயசுக்கு ஹாஸ்டல் இல்லையாம். நான் பரீட்சையைத் திரும்ப எழுதுறேன். மார்ச்சுல அடுத்த பரீட்சை. லீவு கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் மொதல் வாரம் வரேன். மிளகு, நாம பேச வேண்டியது நிறைய இருக்கு. உனக்கு என் மேல கோபம் இருந்தா அதையும் எடுத்து வை.

உங்கள்
பெயிலானவன்


நவம்பர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

சரி, சாப்பிட வாங்க.

இவ்வளவுதான் எழுதினேன். அத்தை இன்னும் ஏதாவது எழுதுடிங்கிறாங்க. நான் பெயில்னு காட்டினப்ப அவங்களும் இவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அதான் உங்களுக்கும் எழுதுறேன்.

கழுத்துக்குத் தைலம் தேய்ச்சுக்கிறீங்களா? வாங்க, நான் தேய்ச்சு விடுறேன்.

மிளகு